இஃப் என்னும் சிறு சொல்



ஆங்கில மொழியில் இரண்டே எழுத்துகளில் அடங்கிவிடும் ஒரு சொல்லைப் பற்றி இன்று பேசப் போகிறோம். 'இஃப்' என்பது அந்தச் சொல். தோட்ட அலுவலகத்திலிருந்து வரும் கடிதம், மருந்துப் புட்டியில் ஒட்டிய தாள், பள்ளியிலிருந்து பிள்ளை கொண்டுவரும் அறிவிப்பு, கைப்பேசியில் வரும் செய்தி என்று எதை எடுத்தாலும் இந்தச் சொல் எங்கேயாவது ஓரிடத்தில் இருக்கும். சிறிய சொல்தானே என்று அதைத் தாண்டிப் படித்துவிட்டால், சில சமயம் வீடு போகும். சில சமயம் வேலை போகும். ஆகவே இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

தமிழில் 'ஆல்' என்று ஒரு விகுதி இருக்கிறது. மழை பெய்தால், அவர் வந்தால், சம்பளம் போட்டால் என்று நாள்தோறும் நூறு தடவை சொல்கிறோம். ஒன்று நடந்தால்தான் மற்றொன்று நடக்கும் என்ற நிபந்தனையை இந்த விகுதி காட்டுகிறது. இது நமக்குப் புதியதன்று. தொல்காப்பியர் தந்த வினையெச்ச வாய்பாடுகளில் 'செயின்' என்பதும் ஒன்று. 'வரின்', 'பெய்யின்' என்று பழைய நூல்களில் வருவதைத்தான் நாம் இன்று 'வந்தால்', 'பெய்தால்' என்கிறோம். மலாய் மொழியில் இதே வேலையைக் 'கலாவ்' என்ற சொல் செய்கிறது. கடிதங்களில் 'ஜிக்கா' என்றும் 'செகிரானியா' என்றும் எழுதுவார்கள். ஆங்கிலத்தில் செய்வது 'இஃப்'. ஆக, கருத்து நமக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். அதைச் சொல்லும் முறையில்தான் வேறுபாடு இருக்கிறது.

முதல் வேறுபாடு, சொல் நிற்கும் இடம். தமிழில் 'ஆல்' வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் 'இஃப்' நிபந்தனையின் தலையில் வந்து நிற்கும்.

'இஃப் இட் ரெயின்ஸ், வீ வில் ஸ்டே அட் ஹோம்.' மழை பெய்தால், நாங்கள் வீட்டிலேயே இருப்போம்.

பால்மரம் சீவுகிறவர்களுக்கு இந்த வாக்கியத்தை விளக்க வேண்டியதில்லை. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் ஓடாமல் மரத்தில் வழிந்துவிடும். அன்று வெட்டு இல்லை. மழை ஒரு நிபந்தனை. வீட்டில் இருப்பது அதன் விளைவு.

இரண்டாவது வேறுபாடு காலம் பற்றியது. பிள்ளைகள் அதிகமாகத் தடுமாறுவது இங்கேதான். மழை நாளைக்குத்தானே பெய்யப் போகிறது, அது எதிர்காலம், எதிர்காலத்துக்கு 'வில்' போட வேண்டும் என்று எண்ணி, 'இஃப் இட் வில் ரெயின்' என்று எழுதிவிடுகிறார்கள். அது பிழை. விளைவைச் சொல்லும் பகுதியில் 'வில்' வரும். நிபந்தனையைச் சொல்லும் பகுதியில் வராது. 'இஃப் இட் ரெயின்ஸ்' என்று நிகழ்காலத்தில் சொன்னாலே போதும்.

இது என்ன விந்தையான வழக்கம் என்று தோன்றலாம். நம் தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். 'பெய்தால்' என்ற சொல்லைப் பிரித்தால் பெய், த், ஆல் என்று வரும். நடுவில் இருக்கும் 'த்' இறந்தகாலத்தைக் காட்டும் எழுத்து. 'பெய்தது' என்பதில் வருவதும் அதே எழுத்துதான். நாளைக்குப் பெய்யப் போகிற மழைக்கு நாம் இறந்தகால எழுத்தைப் போடுகிறோம். யாரும் அதைத் தவறு என்பதில்லை. தமிழ் இறந்தகாலத்தை எடுத்துக்கொண்டது. ஆங்கிலம் நிகழ்காலத்தை எடுத்துக்கொண்டது. நிபந்தனைக்குள் எதிர்காலத்தை வைக்காமல் விட்டதில் இரண்டும் ஒன்றே. பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தால் மனத்தில் பதியும்.

ஒரு விலக்கை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 'இஃப்' என்ற சொல் 'ஆ என்று' என்னும் பொருளிலும் வரும். 'ஐ டோன்ட் நோ இஃப் ஹீ வில் கம்' என்றால், 'அவர் வருவாரா என்று எனக்குத் தெரியாது' என்பது பொருள். இங்கே நிபந்தனை இல்லை, ஐயம் இருக்கிறது. ஆகவே 'வில்' வரலாம். 'வந்தால்' என்று மொழிபெயர்க்க முடிகிறதா, 'வருவாரா என்று' என மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறதா என்று பார்த்தால் எது எது என்பது விளங்கிவிடும்.

மூன்றாவது வேறுபாடுதான் மிக முக்கியமானது. பெரியவர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

தமிழில் நிபந்தனை பெரும்பாலும் முன்னால் வரும்; விளைவு பின்னால் வரும். 'குடும்பத்தில் ஒருவர் வேலை செய்தால், வீட்டில் இருக்கலாம்' என்போம். கேட்கிறவர் முதலில் நிபந்தனையைக் கேட்டுவிடுகிறார். ஆங்கிலத்தில் நிபந்தனையை முன்னாலும் வைக்கலாம், பின்னாலும் வைக்கலாம். கடிதங்களில் அதைப் பின்னால் வைக்கும் வழக்கம் மிகுதி. ஒரு கடிதத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

'யூ மே ஸ்டே இன் த ஹவுஸ் அன்டில் டிசெம்பர் இஃப் ஒன் மெம்பர் ஆஃப் யுவர் ஃபேமிலி இஸ் ஸ்டில் வொர்க்கிங் இன் திஸ் எஸ்டேட்.'

முதல் பாதியைப் படித்தவர், 'டிசம்பர் வரைக்கும் வீட்டில் இருக்கலாம் என்று எழுதியிருக்கிறான்' என்று மகிழ்ந்து கடிதத்தை மடித்து வைத்துவிடுவார். பின்பாதியில்தான் விஷயம் இருக்கிறது. குடும்பத்தில் ஒருவராவது இந்தத் தோட்டத்தில் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தால்தான் அந்த அனுமதி. மகன் பட்டணத்துத் தொழிற்சாலைக்குப் போய்விட்டான், மனைவி வேலையை விட்டுவிட்டார் என்றால், அந்த அனுமதி அவருக்கு இல்லை. வேலையோடு வீடும் சேர்ந்திருக்கும் தோட்ட வாழ்க்கையில் இதன் கனம் எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆகவே ஒரு பழக்கம் வைத்துக்கொள்வோம். ஆங்கிலக் கடிதம் வந்தால், படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்து, 'இஃப்' எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் பென்சிலால் ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள். பிறகு அந்த வாக்கியத்தை 'இஃப்' இருக்கும் இடத்திலிருந்து தொடங்கித் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். நிபந்தனை முன்னால் வந்துவிட்டால் தமிழ்க் காதுக்கு அது உடனே விளங்கும்.

இனி, 'இஃப்' என்பதன் உறவினர்களைப் பார்ப்போம். தமிழில் 'ஆல்' என்பதோடு சிறு சேர்க்கைகளைச் செய்து பொருளை மாற்றுகிறோம். வந்தால், வந்தாலும், வந்தால்தான், வராவிட்டால் என்று நான்கு வகை உண்டு. இந்த நான்கிற்கும் ஆங்கிலத்தில் நான்கு சொற்கள் இருக்கின்றன.

வந்தால் என்பதற்கு 'இஃப்'.

வந்தாலும் என்பதற்கு 'ஈவன் இஃப்'. 'ஈவன் இஃப் இட் ரெயின்ஸ், த ஸ்கூல் பஸ் வில் கம்.' மழை பெய்தாலும் பள்ளிப் பேருந்து வரும்.

வந்தால்தான் என்பதற்கு 'ஓன்லி இஃப்'. 'த கிளினிக் வில் சீ யூ ஓன்லி இஃப் யூ பிரிங் த கார்டு.' அட்டையைக் கொண்டுவந்தால்தான் மருந்தகத்தில் பார்ப்பார்கள்.

வராவிட்டால் என்பதற்கு 'அன்லெஸ்'. 'அன்லெஸ் யூ பிரிங் த கார்டு, த கிளினிக் வில் நாட் சீ யூ.' அட்டையைக் கொண்டுவராவிட்டால் பார்க்கமாட்டார்கள்.

இந்த 'அன்லெஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே 'இல்லை' என்ற பொருள் ஒளிந்திருக்கிறது. ஆகவே அதோடு இன்னொரு 'நாட்' சேர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும். 'அன்லெஸ் யூ டோன்ட் பிரிங் த கார்டு' என்று சொன்னால், 'கொண்டுவராமல் இருக்காவிட்டால்' என்று ஆகி, கொண்டுவந்தால் பார்க்கமாட்டார்கள் என்று முடியும்! மலாய்க் கடிதங்களில் இந்த இடத்தில் 'கெச்சுவாலி' என்ற சொல்லைக் காண்பீர்கள்.

இந்த இரண்டு சொற்களும் சட்டத்தில் எப்படி வேலை செய்கின்றன என்பதற்கு ஓர் உண்மையான சான்றைப் பார்ப்போம். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 15ஆம் பிரிவு ஒன்று உண்டு. தீபகற்ப மலேசியாவில் வேலை செய்கிறவர்களுக்கு இது பொருந்தும். முன்கூட்டி விடுப்பு வாங்காமல், தொடர்ந்து இரண்டு வேலை நாட்களுக்கு மேல் ஒருவர் வேலைக்கு வராவிட்டால், அவர் வேலை ஒப்பந்தத்தை முறித்துவிட்டதாகக் கருதப்படுவார் என்று அது கூறுகிறது. அங்கே 'இஃப்' வருகிறது. இவ்வளவோடு படிப்பதை நிறுத்திக்கொண்டால், மூன்று நாள் வராதவருக்குக் கதி இல்லை என்றே தோன்றும்.

ஆனால் வாக்கியம் அங்கே முடியவில்லை. அடுத்து 'அன்லெஸ்' வருகிறது. வராததற்கு நியாயமான காரணம் இருந்து, அந்தக் காரணத்தை முன்னதாகவோ, வராத காலத்தில் இயன்ற முதல் வாய்ப்பிலோ முதலாளிக்குத் தெரிவித்திருந்தால், அல்லது தெரிவிக்க முயன்றிருந்தால், அவர் ஒப்பந்தத்தை முறித்தவர் ஆகமாட்டார். தொழிலாளிக்குப் பாதுகாப்பாக இருப்பது அந்த 'அன்லெஸ்' என்ற சொல்தான்.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். காரணம் இருக்க வேண்டும் என்பது ஒன்று. தெரிவித்திருக்க வேண்டும், அல்லது தெரிவிக்க முயன்றிருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் சட்டம் 'அன்ட்' என்ற சொல்லால் இணைத்திருக்கிறது. 'அன்ட்' என்றால் இரண்டும் வேண்டும், ஒன்று போதாது. 'அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் இருந்தேன்' என்பது நியாயமான காரணமாக இருக்கலாம். ஆனால் யாரிடமும் சொல்லி அனுப்பாமல் இருந்துவிட்டால் பாதி நிபந்தனைதான் நிறைவேறியிருக்கும். ஆகவே கிராணியாருக்கோ மண்டோருக்கோ கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்பிவிட்டு, அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது.

நோய் விடுப்பைப் பற்றிச் சொல்லும் அதே சட்டத்தின் 60எஃப் பிரிவிலும் வரிசையாக 'இஃப்' வருகிறது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் ஆண்டுக்கு 14 நாள். இரண்டு ஆண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் இருந்தால் 18 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் இருந்தால் 22 நாள். மருத்துவர் சான்று தந்தாலும், விடுப்புத் தொடங்கிய 48 மணி நேரத்திற்குள் முதலாளிக்குத் தெரிவிக்காமலும் தெரிவிக்க முயலாமலும் இருந்துவிட்டால், அனுமதியின்றி வராமல் இருந்ததாகவே அது கருதப்படும். 'இஃப்' மாறினால் எண்ணும் மாறும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அடுத்து, வேறொரு வகை 'இஃப்' உண்டு. அது சற்று நுட்பமானது. இந்த இரண்டு வாக்கியங்களைக் கேளுங்கள்.

'இஃப் வீ ஹேவ் எ வேகன்சி, வீ வில் கால் யூ.'

'இஃப் வீ ஹேட் எ வேகன்சி, வீ வுட் டேக் யூ.'

வேலை கேட்டுப் போன பிள்ளையிடம் முதலாவதைச் சொன்னால், 'இடம் காலியானால் உன்னைக் கூப்பிடுவோம்' என்று பொருள். கூப்பிடலாம், கூப்பிடாமலும் போகலாம், கதவு திறந்திருக்கிறது. இரண்டாவதைச் சொன்னால், 'இடம் இருந்தால் உன்னை எடுத்திருக்கலாம். இடம் இல்லையே' என்று பொருள். 'ஹேவ்' என்பது 'ஹேட்' என்று மாறியது, 'வில்' என்பது 'வுட்' என்று மாறியது, இவ்வளவுதான். 'ஹேட்' என்பது இறந்தகாலச் சொல்லாக இருந்தாலும், இங்கே அது நேற்றைப் பற்றிப் பேசவில்லை. இன்று இல்லாத ஒன்றைப் பற்றிப் பேசுகிறது. தன்மையாக 'இல்லை' என்று சொல்லும் வழி இது. இதை அறியாத பிள்ளை, கூப்பிடுவார்கள் என்று மாதக்கணக்கில் காத்திருப்பான். அறிந்த பிள்ளை நன்றி சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்கு விண்ணப்பம் எழுதுவான்.

நடந்து முடிந்துவிட்டதைப் பற்றியும் நிபந்தனை பேசலாம். 'இஃப் யூ ஹேட் டோல்ட் அஸ், வீ வுட் ஹேவ் ஹெல்ப்ட் யூ.' நீங்கள் சொல்லியிருந்தால் நாங்கள் உதவியிருப்போம். சொல்லவுமில்லை, உதவவுமில்லை என்பது இதன் உட்பொருள். இங்கே தமிழும் ஆங்கிலமும் தோளோடு தோள் சேர்ந்து நடக்கின்றன. 'சொல்லியிருந்தால்' என்பதில் உள்ள 'இருந்தால்' அங்கே 'ஹேட்' ஆகிறது; 'உதவியிருப்போம்' என்பதில் உள்ள 'இருப்போம்' அங்கே 'வுட் ஹேவ்' ஆகிறது. பிள்ளைகளுக்கு இது கடினமான பாடம் என்று பெயர் எடுத்திருக்கிறது. தமிழோடு சேர்த்து வைத்துச் சொன்னால் கடினமே இல்லை.

'இஃப்' என்ற சொல் இல்லாமலே நிபந்தனை வருவதும் உண்டு. அலுவலகக் கடிதங்களில் இது சாதாரணம். 'ஷுட் யூ ஹேவ் எனி கொஸ்டியன்ஸ், பிளீஸ் கால் திஸ் நம்பர்' என்று எழுதியிருக்கும். வாக்கியத்தின் தலையில் 'ஷுட் யூ' வந்தால் அது 'இஃப் யூ' என்பதே; 'உங்களுக்கு ஏதும் கேள்வி இருந்தால்' என்று பொருள். 'புரொவைடட் தட்' என்று வந்தால், 'என்ற நிபந்தனையின்பேரில்' என்று பொருள். 'ஃபெயிலிங் விச்' என்ற தொடரும் நம் நாட்டுக் கடிதங்களில் அடிக்கடி வரும். 'பதினான்கு நாட்களுக்குள் பணத்தைக் கட்டவும், ஃபெயிலிங் விச், சட்ட நடவடிக்கை எடுக்கப்படும்' என்பார்கள். 'அப்படிச் செய்யத் தவறினால்' என்று பொருள். இந்தத் தொடரைக் கண்டால் கடிதத்தை ஓரமாக வைக்கக் கூடாது. அதற்கு முன்னால் ஒரு நாள் கணக்கும், பின்னால் ஒரு நடவடிக்கையும் இருக்கும். அன்றைக்கே தொழிற்சங்கக் கிளையிலோ, விவரம் தெரிந்தவரிடமோ காட்டிவிட வேண்டும்.

கடைசியாக, மருந்துப் புட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டங்களில் ரப்பர் குறைந்து செம்பனை பெருகிவிட்டது. மருந்து தெளிக்கும் வேலை இன்றும் இருக்கிறது. பூச்சிமருந்து, களைமருந்துக் கலங்களில் 'இஃப் ஸ்வாலோட்', 'இஃப் இன் ஐஸ்', 'இஃப் ஆன் ஸ்கின்' என்ற சொற்கள் அச்சிடப்பட்டிருக்கும். இடம் போதாததால் வாக்கியத்தைச் சுருக்கி எழுதுகிறார்கள். முதலாவதற்கு 'விழுங்கிவிட்டால்', இரண்டாவதற்கு 'கண்ணில் பட்டால்', மூன்றாவதற்கு 'தோலில் பட்டால்' என்று பொருள். அதை அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கட்டளை இருக்கும். கண்ணில் பட்டால் தண்ணீரால் பல நிமிடம் மெதுவாகக் கழுவு. தோலில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவு. விழுங்கிவிட்டால் உடனே மருத்துவரை நாடு என்பது போல.

'டு நாட் இன்டியூஸ் வாமிட்டிங்' என்று இருந்தால், வாந்தி எடுக்கச் செய்யாதே என்று பொருள். யாராவது மருந்தைக் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அரிக்கும் மருந்து மேலே வரும்போது தொண்டையை மறுபடியும் புண்ணாக்கும், மூச்சுக்குழாயிலும் போய்விடும். புட்டியையோ அதன் தாளையோ கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைவதே சரி. புட்டியைத் திறப்பதற்கு முன்னாலேயே அந்த மூன்று 'இஃப்' வரிகளையும் வீட்டில் எல்லாரும் ஒருமுறை படித்துத் தெரிந்துகொண்டால், அவசர நேரத்தில் கை நடுங்காது.

இன்று சொன்னவற்றைத் தொகுத்துப் பார்ப்போம். ஒன்று, நிபந்தனைப் பகுதியில் 'வில்' வேண்டாம். இரண்டு, 'இஃப்' பின்னால் இருந்தாலும் அதையே முதலில் படியுங்கள். மூன்று, 'அன்லெஸ்' என்றால் 'ஆவிட்டால்'. அதோடு இன்னொரு 'நாட்' வேண்டாம். நான்கு, 'ஹேட்', 'வுட்' என்று இரண்டும் சேர்ந்து வந்தால் அது இல்லாததைப் பற்றிய பேச்சு.

பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப் பாடம். 'நேரத்தோடு எழுந்தால் பேருந்தைப் பிடிக்கலாம்', 'நேரத்தோடு எழாவிட்டால் பேருந்தைப் பிடிக்க முடியாது', 'மழை பெய்தாலும் பள்ளிக்குப் போவேன்', 'நன்றாகப் படித்திருந்தால் தேறியிருப்பேன்'. இந்த நான்கையும் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். எழுதியதை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் படித்துக் காட்டி, பொருளையும் சொல்லுங்கள். பெற்றோர்களே, ஆங்கிலம் தெரியாதே என்று நீங்கள் ஒதுங்கிப் போக வேண்டாம். 'பெய்தால்' என்பதற்கும் 'பெய்தாலும்' என்பதற்கும் வேறுபாடு உங்களுக்குத் தெரியும். அந்த அறிவை வைத்தே பிள்ளை சொல்லும் பொருள் சரியா என்று நீங்கள் சோதித்துவிடலாம்.